செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் ஊருணியிலிருந்து தொடங்கலாம்

காலையில் கானாடுகாத்தான், பதினொரு மணிக்கு ஆத்தங்குடி, மதியம் காரைக்குடியில் சிக்கன், சாயங்காலம் பிள்ளையார்பட்டி, ராத்திரி ரயில். செட்டிநாடு சுற்றுலா என்று இப்போது விற்கப்படுவது இதுதான். இதில் சாமி கும்பிட்டதைத் தவிர வேறெதுவும் உருப்படியாக நடந்திருக்காது என்பது என் கருத்து. ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் ஒரே ஊரை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எதுவானாலும் சரி. பெரிய வீட்டு வாசலில் தொடங்காமல், ஊரின் பொதுக் குளமான ஊருணிக் கரையில் தொடங்குங்கள்.

இங்கே வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை வைத்துத்தான் வருஷம் முழுக்க ஓட்டியாக வேண்டும். வெனிஸுக்குப் போகிறவர்கள் கால்வாய் வழியாக அந்த ஊரைப் புரிந்துகொள்கிறார்கள். இந்த ஊரையும் வாய்க்கால் வழியாகத்தான் புரிந்துகொள்ள முடியும். என்ன, நம்முடையது வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கும், அதனால் யாரும் படம் எடுப்பதில்லை.

அதைப் பார்க்கிற விதம் இப்படி. வீட்டுக்குள் வளவில், அதாவது நடு முற்றத்தில், நின்று அண்ணாந்து பாருங்கள். நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழைத் தண்ணீர் மூலைகளில் வந்து விழும், அங்கே அண்டா வைத்துப் பிடிப்பார்கள். முதல் மழையைப் பிடிக்கமாட்டார்கள், அது ஓட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு போய்விடும். மிச்சத் தண்ணீருக்காக முற்றத்துத் தரை ஒரு மூலையை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும், அந்த மூலையில் ஒரு துவாரம். அது தரைக்கடியில் ஓடித் தெரு வாய்க்காலில் சேரும். வெளியே வந்து அந்த வாய் எங்கே திறக்கிறது என்று கண்டுபிடித்து, வாய்க்காலோடு நடந்தால் ஊருணிக்குக் கொண்டுபோய் விடும். கல் படிக்கட்டையும் சுற்றுச்சுவரையும் பார்த்தாலே எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று தெரியும். குடிக்கிற ஊருணியில் யாரும் கால் நனைக்கக்கூடாது. குளிக்க வேறு ஊருணி.

இது எங்கே கெடுகிறது? தெருவுக்குப் புதிதாகச் சிமெண்ட் போடும்போது பழையதைப் பெயர்க்காமல் மேலேயே போடுகிறார்கள். தெரு மட்டம் ஏறிவிடுகிறது, வாய்க்கால் வாய் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் வீட்டுப்பக்கம் எதிர்த்து வந்து சுவரின் அடியில் ஓதம் ஏறும். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூத்து உதிர்ந்திருக்கிறதா? பக்கத்து வாய்க்காலைப் போய்ப் பாருங்கள், அநேகமாக அடைத்திருக்கும். 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருப்பது ஏதோ நாலைந்து மாளிகை இல்லை, இந்த ஊர்த்தொகுதிகள். அதை நாமே மறந்துவிடுகிறோம்.

வீடுகளைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலானவை பங்காளிகளுக்குப் பொதுவானவை, கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால்தான் எல்லோரும் வந்து திறப்பார்கள். காவல்காரர் திறந்துவிட்டால் அது அவர் செய்கிற தயவு. கையில் ஏதாவது கொடுங்கள், பூஜை அறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். கட்டணம் வாங்கிக் காட்டுகிற வீடு ஆத்தங்குடியில் இருக்கிறது. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு தனியார் வீடு, வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கிற கல் (டைல்) வாங்குவதற்கு முன் ஒரு கல் உருவாவதையாவது நின்று பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி அச்சைத் தூக்கிவிடுவார்கள். மேலே உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி, பிறகு ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுவார்கள். சுடுவது கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடந்து இறுகி, வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும். மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. வீட்டில் போட்டபின் பாழாக்குவது ஆசிட்தான், எலுமிச்சைச் சாறு சிந்தினால்கூடத் தழும்பு விழும். வெறும் தண்ணீரில் துடையுங்கள், நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

சாப்பாட்டுக்கு வருவோம். செட்டிநாடு என்றாலே காரம், மிளகு, கண்ணில் தண்ணீர் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உப்புக்கறியில் மசாலாப்பொடியே கிடையாது. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, விதை தட்டிய வரமிளகாய், உப்பு, அவ்வளவுதான். வெண்டைக்காய் மண்டி என்கிற புளிக்குழம்பின் உயிர் அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீர். அதில்தான் புளி கரைக்க வேண்டும், அந்தக் கஞ்சித்தன்மைதான் கெட்டி கொடுக்கிறது. காய்க்குக் காரம் பச்சை மிளகாய். மிளகாய்த்தூளைக் கொட்டினால் அது வேறு குழம்பு.

இந்த ஊர்ச் சமையலின் கைத்திறன் பலகாரத்தில் இருக்கிறது. வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின் மேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். நிற்கிற மட்டும்தான் உளுந்து. கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துப்போகும். இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து மைய ஆட்டி, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, கரண்டியிலிருந்து வழிகிற பதத்தில் கரைக்கலாம். புளிக்கவே விடக்கூடாது. காய்ந்த எண்ணெயின் நடுவில் ஒரு கரண்டி, ஒரே ஊற்று. தானாக மேலே எழும்பி ஓரம் மடிப்பு மடிப்பாக விரியும். திருப்பிப் போட்டு, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுட முடியும். கூட்டம் அலைமோதுகிற ஹோட்டலில் இது நன்றாக வராததற்குக் காரணம் அதுதான். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

கவுனி அரிசியை, அதாவது கறுப்பரிசியை, ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பார்கள். முழுசாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னால் போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, பல்லில் நறநறக்கும். அப்புறம் நெய்யும் தேங்காய்த்துருவலும்.

ஆகவே தங்குகிற இடத்திலோ மெஸ்ஸிலோ முதல் நாளே சொல்லிவையுங்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து. காலை ஏழரைக்குள் ஊருணிப் பக்கம் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் பணியாரம் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வரும். மார்கழி, தை வசதி. மழை அப்போதுதான் விட்டிருக்கும், ஊருணியில் தண்ணீர் நிற்கும், வெயிலும் தாங்கும். சித்திரையில் வந்துவிட்டு ஊர் வறண்டு கிடக்கிறது என்று எழுதாதீர்கள்.