பனிமூட்ட விமர்சனம்

தாளம் அதிகமில்லாமல் மெல்லப் பரவும் ஆம்பியன்ட் இசையில் ஆல்பம் ஒன்று வந்தால் போதும், விமர்சனத்தில் பனிமூட்டம் இறங்கிவிடும். நேற்றுப் படித்த ஒன்றில் 'மிதக்கிறது' நான்கு முறை, 'கனவு' மூன்று முறை. சரி, சத்தம் எதிலிருந்து வருகிறது? சிந்தஸைசரா, டேப்பா? ஒரு வரி இல்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பேசின்ஸ்கி 2001இல் தன் பழைய டேப் லூப்களை (திரும்பத் திரும்பச் சுற்றி ஓடும் ஒலிநாடாத் துண்டுகளை) டிஜிட்டலுக்கு மாற்றும்போது, காந்தப் பூச்சு உதிர உதிர இசையும் சுற்றுக்குச் சுற்று தேய்ந்துபோனது. காதால் கேட்டுச் சொல்லக்கூடிய விஷயம் இது! எந்த நிமிடத்தில் ஓட்டை விழுகிறது என்று எழுதினால், நானும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடுவேன். அதற்கும் 'காலத்தின் மௌனம்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இசைக்கலைஞர் பிரையன் ஈனோ நீளம் வேறுபட்ட லூப்களை ஓடவிட்டு விமான நிலையங்களுக்காகச் செய்த இசைக்கும் அதே மௌனம்தான்.

அப்புறம் கடைசியில் பத்துக்கு 7.4 மதிப்பெண். அந்தப் புள்ளி நான்கு எங்கிருந்து வந்ததோ!