பீட்ரூட் சாறு ரத்தசோகையைத் தீர்க்குமா?

'தினமும் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு குடித்தால் ஒரே வாரத்தில் ரத்தம் ஊறும், சோர்வு பறந்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பெட்டாலைன் என்ற நிறமி; இரும்புச்சத்து அல்ல. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஏறக்குறைய 0.8 மில்லிகிராம்தான். இந்தியப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை.

பீட்ரூட் நல்ல காய்தான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் இரும்புக்கு ஆட்டு ஈரல், கொண்டைக்கடலை, கம்பு போன்றவை மேல். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் உடல் இரும்பை நன்றாக உறிஞ்சும். சாப்பிட்டதும் டீ குடித்தால் அந்த உறிஞ்சுதல் குறையும்.

எனக்குக் கவலை தருவது வேறு. தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் சோர்வாகத்தான் வெளிப்படும். சாற்றை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காமல், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.