ஜெர்மன் 'கிஃப்ட்' விஷம்தான், ஆனால் பரிசுக்கும் உறவுதான்

"ஆங்கிலத்தில் கிஃப்ட் என்றால் பரிசு, ஜெர்மனில் விஷம். எழுத்துதான் ஒன்று, சொற்களுக்குள் சம்பந்தமே இல்லை" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு.

இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆங்கிலத்தில் 'கிவ்', ஜெர்மனில் 'கேபன்': கொடு என்ற வினைதான் இரண்டுக்கும் அடி. பழைய ஜெர்மனில் 'கிஃப்ட்' கொடுக்கப்படும் பொருளையும் குறித்தது. இன்றும் வரதட்சணைக்கு அங்கே 'மிட்கிஃப்ட்', அதாவது கூடவே கொடுத்து அனுப்புவது. அதில் விஷம் எதுவும் இல்லை.

அப்புறம் விஷம் எப்படி வந்தது? கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். மருத்துவர்கள் அதைக் கொடுக்கும் மருந்தின் அளவுக்குச் சொன்னார்கள். நாம் தினமும் சொல்லும் 'டோஸ்' அதுதான். அந்த வழக்கின் சாயலில் ஜெர்மன் சொல்லும் 'ஒருவருக்குக் கொடுக்கப்படுவது' என்றாகி, பிறகு கொல்லக் கொடுப்பதாகக் குறுகியது. விஷம் என்று நேராகச் சொல்லத் தயங்கிய இடக்கரடக்கல் இது. சுவீடிஷில் 'யிஃப்ட்' என்று ஒலிக்கும் இதே சொல்லுக்கு இன்று விஷம், திருமணமானவர் என இரு பொருளும் உண்டு. பெண்ணைக் கொடுப்பது என்ற பழைய வழக்கிலிருந்து வந்தது இரண்டாவது.

உண்மையிலேயே உறவில்லாத ஜோடி வேண்டுமா? ஜெர்மன் 'ஹாபன்', இலத்தீன் 'ஹபேரே'. இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்றே பொருள், ஆனால் வேர் வேறு. ஜெர்மானிய மொழிகளில் பழைய 'க' ஒலி 'ஹ' ஆனதால், 'ஹாபனுக்கு' உறவு இலத்தீனின் 'கபேரே', அதாவது பிடி என்ற சொல்தான்.