சர்ச்சில் சொல்லாத வாசகம்

“25 வயதில் தாராளவாதியாக இல்லாதவனுக்கு இதயம் இல்லை, 35 வயதில் பழமைவாதியாக இல்லாதவனுக்கு மூளை இல்லை.” வின்ஸ்டன் சர்ச்சில் படத்தோடு இந்த வாசகம் மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ‘இளைஞர்கள் எப்படியும் வயதானால் எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்’ என்ற பின்குறிப்பு வேறு.

சர்ச்சில் இப்படிச் சொன்னதற்குப் பதிவே இல்லை. அவர் வாழ்க்கையே இதற்கு நேர் எதிர். 1900-இல், 25 வயதில், பழமைவாதக் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனார். 1904-இல் எதிர்வரிசைக்கு நடந்துபோய் தாராளவாதக் கட்சியினரான லிபரல்களோடு உட்கார்ந்தார். 35 வயதில் லிபரல் அமைச்சர்! தாய்க்கட்சிக்குத் திரும்பியபோது ஐம்பதை எட்டியிருந்தார். ‘தாராளவாதி’க்குப் பதில் ‘குடியரசுவாதி’ என்ற சொல்லோடு இதே வாசகம் 19-ஆம் நூற்றாண்டு பிரான்சிலேயே புழங்கியது.

எதிர்த்தரப்பு நம்பும் ‘இளைஞர் வந்தால் பழைய கட்சி காலி’ என்பதும் இதே ரகம்தான். அமெரிக்காவில் 1971-இல் வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. இளையோர் வாக்கை மலைபோல் நம்பினார் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன். மறு ஆண்டே அதிபர் தேர்தலில் பழமைவாதப் பக்கமான குடியரசுக் கட்சியின் நிக்சன் 50-இல் 49 மாநிலங்களை அள்ளினார்.