மாரி வந்தால் குழியும் பொங்கும்

கார்த்திகை மழை இரண்டு நாள் பெய்தால் போதும், எங்கள் மலசலகூடம் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கொமட்டின் விளிம்புவரை ஏறி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குளக் குளக்கென்று ஆமை வேகத்தில் இறங்கும். அடைப்பென்று மாமா தடி விட்டுக் குத்தினார். பக்கத்து வீட்டு அன்ரி, கழிவு கரையுமென்று மலக்குழிக்குள் ஈஸ்ட் போடச் சொன்னார். போட்டோம், பாண் வாசம்கூட வரவில்லை! பவுசர் வந்து குழியோடு காசையும் உறிஞ்சிக்கொண்டு போனது. நாலாம் நாள் மறுபடி நிறைவு. நிறையாமல்? மாரியில் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் நிலத்தடி நீரே மேலேறி நிற்கும்போது குழித் தண்ணீர் எங்கே போய் ஊறும்? கிணற்றுக்குத்தான்! அதில்தானே தேத்தண்ணி வைக்கிறோம். குழி வெட்டச் சாத்திரியாரைக் கேட்டவர்கள் நிலத்தைக் கேட்டார்களா? இப்போது அப்பா குடையோடு மூடியைத் திறந்து எட்டி எட்டிப் பார்க்கிறார். உள்ளே என்ன, தேர்த் திருவிழாவா நடக்கிறது?