கிளி காவல் காக்கும் சாய்வு நாற்காலி

காலை 6 மணி 10 நிமிடம். ஸ்பெயினின் மயோர்க்காத் தீவின் வடகரையில், அல்கூதியா வளைகுடாவை ஒட்டிய ஒரு விளையாட்டு விடுதி. ஏப்ரலில் அங்கே விடிவதற்கு ஏழு மணியாகிவிடும். ஆகவே நல்ல இருட்டு. நீச்சல் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்துக்குப் போகிறேன். எனக்கு முன்பே ஒருவர் வந்திருக்கிறார். உடம்பில் குளியல் அங்கி, காலில் ஒற்றைச் செருப்பு. மற்றொன்று எங்கே என்று பார்த்தால், நான்காவது சாய்வு நாற்காலியில் கிடக்கிறது. முதல் மூன்றில் துண்டு விரித்தாகிவிட்டது. ஐந்தாவதில் ஒரு நாவலைத் திறந்து கவிழ்த்து வைத்தார். ஆறாவதில் துண்டை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க இரு பக்கமும் பிளாஸ்டிக் கிளிப் மாட்டினார். பச்சைக் கிளி வடிவத்தில் கிளிப். மாட்டி முடித்து, ஒரு முறை தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு, அறைக்குத் தூங்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தது பதினொன்றே முக்காலுக்கு.

துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வண்டி நிற்பதற்குள் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டையும் பையையும், சமயத்தில் கைக்குழந்தையையும் உள்ளே இறக்கி இடம் பிடித்த பரம்பரையில் வந்தவன் நான். ஆனால் அந்தத் துண்டுக்கு ஒரு தர்மம் உண்டு. போட்டவர் முண்டியடித்து ஏறி, இரண்டு நிமிடத்தில் அதன் மேல் வந்து உட்கார்ந்தாக வேண்டும். வரவில்லை என்றால் துண்டு போன வழியே வெளியே வந்து விழும். துண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ஐந்து மணி நேரம் தூங்கி, பல் துலக்கி, முட்டை தின்றுவிட்டு வருகிறவரை நான் எந்தப் பஸ்ஸிலும் கண்டதில்லை. ஐரோப்பிய நாகரிகம் இந்தக் கலையை எங்கே கொண்டுபோய்விட்டது, பாருங்கள்.

சாய்வு நாற்காலியோடு போயிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். வெயில் காய்வதற்காக நான் போகவில்லை. என் நிறத்துக்கு அது தேவையும் இல்லை. நான் போனது நீந்துவதற்கு. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது 25 மீட்டர் குளம். அதில் மூன்று கிலோமீட்டர் நீந்தினால் 119 முறை சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். 50 மீட்டர் குளமென்றால் 59 முறை போதும். கை வீச்சில் ஒரு தாளம் பிடிக்கவும், மூச்சு சீராகவும் அந்த நீளம் வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் முறையாக நீச்சல் கற்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதற்காகவே ஆறு மாதம் முன்பே பணம் கட்டி, ஈஸ்டர் விடுமுறையில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். விளம்பரப் படத்தில் எட்டுத் தடங்களும் வெறிச்சோடிக் கிடந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி.

போய்ப் பார்த்தால் குளத்தின் தலைமாட்டில் ஒரு பலகை. எட்டுத் தடங்களில் ஆறு, காலை ஏழு முதல் பத்து வரையும் மாலை மூன்று முதல் ஆறு வரையும் பயிற்சிக் குழுக்களுக்கு. சரி, ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நீச்சல் கழகங்கள் வசந்த காலத்தில் இங்கே முகாம் போடுவது வழக்கம்தான். அவர்களும் பணம் கட்டியே வந்திருக்கிறார்கள். வந்து நீந்தினால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறேன். ஆனால் முதல் நாள் ஐந்தாம் தடத்தில் ஏழு மணி முதல் எட்டே முக்கால் வரை நீந்தியது ஒரே ஒரு மிதவைப் பலகை. குதிக்கும் மேடையில் ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குப்பி. ஆள் இல்லை. ஆறாம் தடத்திலும் அதே கதை.

மீதமிருந்த இரண்டு தடங்களுக்குள் விடுதியின் மற்ற ஜனம் முழுவதும். ஒரு தம்பதி தலை நனையாமல் தவளை நீச்சலில், அக்கம்பக்கமாக, எதிரில் வருகிறவர் எங்கே போவார் என்ற கவலையே இல்லாமல் குடும்ப விவகாரம் பேசிக்கொண்டு போகிறார்கள். இருநூறு மீட்டர், இருபது நொடி ஓய்வு, மறுபடி இருநூறு என்று பத்து முறை என் திட்டம். மூன்றாவது இருநூறில் அந்த அம்மாளின் குதிகால் என் மூக்கில் பட்டது. தவறு என்னுடையது என்பது போல அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

பொறுக்க முடியாமல் ஐந்தாம் தடத்தில் இறங்கினேன். நானூறு மீட்டர் முடித்திருப்பேன். சுவரருகே ஒரு ஜோடிக் கால்கள். பயிற்சியாளர். கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, “இது எங்கள் தடம்” என்றார். “உங்கள் ஆட்கள் எங்கே?” என்று கேட்டேன். “காலை உணவு சாப்பிடுகிறார்கள்” என்றார், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற குரலில்.

வரவேற்பு மேசையில் இருந்த பையன் நல்ல பையன்; கோபப்படக்கூட மனம் வரவில்லை. நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டான். எழுதி முடித்துவிட்டு, “ஐயா, கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே நீந்தலாமே” என்றான். ஏப்ரலில் அந்தக் கடல் 15, 16 பாகை. ரப்பர் உடை இல்லாமல் இறங்கினால் பத்தாவது நிமிடத்தில் விரல்கள் என்னுடையவையா என்றே சந்தேகம் வரும். கடலில் நீந்தத்தான் இவ்வளவு பணமா கட்டினேன்?

அந்தத் தீவின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் கொண்டுவந்த சுற்றுலா வரியை இரவுக் கணக்கில் வாங்குகிறார்கள். ஏப்ரல் முடியும் வரை அது கோடையில் வாங்குவதில் கால் பங்குதான். மனதாரக் கொடுத்தேன். நான்காம் நாள், குளத்தின் பக்கமே போகக் கூடாது என்று வாடகைக் காரில் திராமுந்தானா மலைக்குப் போனோம். அந்தோனி பாரியெத்தி என்ற பொறியாளர் 1932இல் போட்ட ச கலோப்ரா சாலையைப் பார்த்தேன். 26 கொண்டை ஊசி வளைவுகள். ஓரிடத்தில் சாலை தன் தலைக்கு மேலேயே சுற்றி வருகிறது, கழுத்துப்பட்டை முடிச்சு மாதிரி. கடல் மட்டத்தில் போய் முடிகிற சாலை அது. இறங்கின சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் அதே ஒன்பதரைக் கிலோமீட்டரை மூச்சு வாங்க மிதித்தே மேலே வரவேண்டும். வியர்வை சொட்டச் சொட்ட வந்தார்கள். அங்கே மட்டும் யாரும் துண்டு போட்டு வைத்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. எட்டு மணிக்குப் போய், கிளிகளைக் கழற்றி, துண்டுகளையெல்லாம் கடைத்தெருத் துணிக்கடைக்காரர் மாதிரி மடித்து ஓரமாக அடுக்கிவிட்டு, மகளோடு உட்கார்ந்துவிட்டாள். நான் சண்டைக்குத் தயாராக, சொல்ல வேண்டிய ஜெர்மன் வாக்கியங்களை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொன்றே முக்காலுக்கு அவர் வந்தார். மடித்த துண்டுகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கிளிகளை மட்டும் எடுத்து அங்கியின் பையில் போட்டுக்கொண்டு, கடற்கரைப் பக்கம் நடந்தார். அங்கேயும் ஆறு நாற்காலிகளைப் பிடித்து வைத்திருந்தார்!

“முப்பது நிமிடத்துக்கு மேல் ஆளில்லாத துண்டுகள் அகற்றப்படும்” என்று நான்கு மொழிகளில் பலகை வைத்திருக்கிறார்கள். ஏழு நாளில் ஒரு துண்டை ஒருவர் அகற்றி நான் பார்க்கவில்லை, என் மனைவியைத் தவிர. எனக்கு ஆத்திரம் துண்டு போட்டவர் மேல்கூட இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் யார்தான் போட மாட்டார்கள்? விதியை எழுதி ஆணியடித்து மாட்டிவிட்டு, “விருந்தினர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்” என்று கை கழுவுகிறார்களே, அவர்கள் மேல்தான்.

ஊருக்கு வந்த பிறகுதான் ஹனோவர் நீதிமன்றத்துத் தீர்ப்பு கண்ணில் பட்டது. கிரீஸின் ரோட்ஸ் தீவுக்குப் போன ஒரு ஜெர்மன் குடும்பத்துக்கும் இதே கதி. அங்கேயும் முப்பது நிமிட விதி. அங்கேயும் அதை யாரும் மதிக்கவில்லை. எல்லாருக்கும் எந்நேரமும் நாற்காலி தர வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அதை நடைமுறைப்படுத்தியாக வேண்டும் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பாகி, பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனம் 322 யூரோ 77 சென்ட் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நேற்றிரவு உட்கார்ந்து நானும் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். ஒன்பது படங்கள் இணைத்திருக்கிறேன். ஏழாவது படத்தில் கிளி மிகத் தெளிவாகத் தெரிகிறது.