40 மணித்தியாலம் முடிந்த பிறகும் வருகிற பிள்ளைகள்

எல்லோரும் பார்த்த அந்தப் புகைப்படத்தைப் பற்றித்தான். யூதப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாஸ்கா என்கிற அவர்களுடைய பண்டிகைக்கு உணவுப் பெட்டி கட்டுகிற படம். கீழே நம்முடைய ஆட்கள் எழுதினதை மூன்று நாளாகப் பார்க்கிறேன். "40 மணித்தியாலச் சேவகர்கள்" என்று ஒரு அண்ணா. அதற்குச் சிரிப்பு போட்டவர்களில் என் சொந்தக்காரர் நாலு பேர். நல்ல சந்தோஷம்.

கனடாவில், இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 40 மணித்தியாலம் சமூக சேவை செய்யாமல் ஹைஸ்கூல் டிப்ளோமா கிடைக்காது. 1999இல் வந்த விதி. அவர்களுக்கும் அதே 40, நமக்கும் அதே 40. என் மகன் எப்படி முடித்தான் என்று சொல்லட்டுமா? கோயிலில் இரண்டு ஞாயிறு செருப்பு பார்த்தான். மிச்சத்துக்குத் தெரிந்த அங்கிள் கையெழுத்து வைத்தார். கேட்டு வாங்கினது நான்தான்.

நான் போன வருடத்திலிருந்து ரொறன்ரோ பாதர்ஸ்ட் வீதியில் ஒரு யூத முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை அங்கே வருகிற யூதப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 40 எப்போதோ முடிந்துவிட்டது. பிறகும் வருகிறார்கள். பொழுது பட்டால் சபாத், அவர்களுடைய ஓய்வு நாள்; அதற்குள் ஹாலா ரொட்டியை அறை அறையாகக் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். யார் எந்த மாடி, யாருக்குப் பரீட்சை, எல்லாம் பார்த்து அட்டவணை போடுவது 11ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஆசிரியர் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கிற குசினியில் இறைச்சிப் பாத்திரமும் பால் பாத்திரமும் சேரக்கூடாது. வந்த புதிதில் இறைச்சி அகப்பையைப் பால் சூப்புக்குள் விட்டுவிட்டேன். பெரிய சத்தம். அட்டவணை போடுகிற அந்தப் பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி சிவப்பு டேப்பும் நீல டேப்பும் கொண்டுவந்து கைபிடிகளில் சுற்றினாள். தமிழில் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டு எழுதினாள். குற்று விடுபட்டு "பால" என்று இருக்கிறது. நான் திருத்தவில்லை.

"படம் எடுத்துப் போடத்தானே செய்கிறார்கள்?" அன்னதானத்தில் ஒரு கரண்டி சாம்பாருக்கு ஆறு படம் எடுக்கிற நாம் இதைக் கேட்கிறோம்! 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் கொடுப்பதை எட்டுப் படியாகப் பிரித்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாம் படி. அந்தப் பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும். பெட்டி வாங்குகிற ஒருவரின் முகமாவது அந்தப் படத்தில் இருக்கிறதா, போய்ப் பாருங்கள்.

பணக்காரப் பிள்ளைகள் என்கிறீர்கள். சரி, அந்தப் பள்ளிக்கூடத்தில் கட்டணம் அதிகம்தான். பணம் இருக்கிற நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை எங்கே நிற்கிறார்கள்?

அப்புறம் "காஸாவில் இஸ்ரேல் நடத்திய போர்?" என்று வருவீர்கள். அங்கே செத்த குழந்தைகளுக்காக நானும் அழுதவள். ஆனால் ரொட்டித் தட்டோடு நிற்கிற 16 வயதுப் பிள்ளையிடமா அதைக் கேட்பது? 2009 மே 10, இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி நம் ஆட்கள் மறித்த கார்டினர் நெடுஞ்சாலையில் மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு இரண்டு வயது. மறுநாள் வேலையிடத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து, "உன் பிள்ளையும் புலியா?" என்று சிரித்தாள். அதை நான் சொன்னபோது என்னைவிட அதிகம் கோபப்பட்டவர் நீங்கள்தான், அண்ணா.